எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'எல்லாப் பாகத்திலும் ஒரே எண் இருந்தால் அசல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நம் ஊர் போலீஸ்காரர்கள் தோளில் நெடுங்காலம் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ', அதாவது லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ரைஃபிளை எடுத்துப் பார்த்தாலே அந்த வரி நிற்காது.

முதலில் தோட்டா ஏதும் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை) முழுக்கப் பின்னுக்கு இழுத்து, அதன் தலையை மேலே திருப்பி உருவிவிட வேண்டும். ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி) வளையம், குழலின் அடி, போல்ட் கைப்பிடியின் பின்புறம், பின்குறித் தகட்டின் உட்பக்கம், முன்கட்டையின் அடிப்பக்கம், நோஸ் கேப் (முன்கட்டையின் முனையிலுள்ள இரும்பு மூடி) என ஆறு இடத்தில் எண் தேட வேண்டும். ஒன்று மாறியிருந்தாலே கலப்படம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. படையின் ஆர்மரர், அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவர், ஒரு பாகத்தை மாற்றினால், அதிலிருந்த பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதிய எண்ணைப் பதிப்பார். அது அந்தத் துப்பாக்கி பணியில் இருந்ததற்கான சாட்சி.

பிற்கால வியாபாரியின் கைவேலை வேறு மாதிரி இருக்கும். பழைய எண்ணை ராவி எடுத்த இடம் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இலக்கங்களின் வடிவம் ரிசீவரில் உள்ளதோடு ஒத்துப்போகாது. விலை ஏற்றுவதற்காகச் செய்யும் இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. போல்ட்டின் தாங்கு முனைகள் ஒவ்வொரு ரிசீவருக்கும் பார்த்துப் பொருத்தப்பட்டவை; வேறு துப்பாக்கியின் போல்ட் சரியாகப் பொருந்தாமல் போகலாம். எண் சரியாக இருந்தாலும் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் உள்ள இடைவெளி, 0.064 முதல் 0.074 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று அளவுக் கேஜ் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பட் சாக்கெட்டின் (பின்கட்டை செருகியிருக்கும் இரும்புப் பகுதியின்) வலப்பக்கத்தில் கிரீடம், அரச முத்திரை, ஆலைப் பெயர், ஆண்டு, மாடல் ஆகியவை இருக்கும். வங்காளத்து இஷாப்பூர் ஆலையின் பழைய துப்பாக்கிகளில் 'ஜி.ஆர்.ஐ.' (ஜார்ஜ் மன்னரின் முத்திரை) என்றிருக்கும். பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள கைபர் கணவாய்ப் பட்டறைகளில் செய்த நகல்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். விக்டோரியா ராணி இறந்தது 1901இல்; அவருடைய 'வி.ஆர்.' முத்திரைக்குக் கீழே அதற்குப் பிந்தைய ஆண்டு! ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பியிருப்பதும் உண்டு.

1916இல் வந்த மார்க் 3 ஸ்டார் வடிவத்தில் மேகசினிலிருந்து (தோட்டாப் பெட்டியிலிருந்து) தோட்டா ஏறாமல் தடுக்கும் கட்-ஆஃப் தகடும், தொலைவில் கூட்டாகச் சுடுவதற்கான வாலி குறியும் கைவிடப்பட்டன. ஆனாலும் 1917 என்று பொறித்த ஒன்றில் அவை இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது. லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ் ஆலை அதன் பிறகும் பழைய வடிவத்தையே செய்துகொண்டிருந்தது. ஆலைப் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இஷாப்பூர் துப்பாக்கியில் மேகசினுக்கு முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகு ஓடும். யாரோ ஒட்டுப்போட்டது என்று நினைத்துவிடுவார்கள். கட்டைக்கு வலுச் சேர்க்க அரசுப் பட்டறையே போட்டது அது. இரும்பின் மேலுள்ள கறுப்பு பெயின்ட்டும் பெரும்பாலும் அப்படித்தான். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்குகிறவர்கள்தான் அசலைக் கெடுக்கிறார்கள். தேய்க்காத கட்டை, இரும்பைவிட இம்மி உயர்ந்து நிற்கும். பட் தகட்டின் ஓரத்தில் மரம் இரும்புக்குக் கீழே இறங்கியிருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கட்டுரையில் சொன்னபடி பின்கட்டையை (பட்) கழற்றிப் பார்க்க விரும்புவோர் கவனிக்க: முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டையைப் பிடித்திருக்கும் பட் போல்ட்டைத் திருகவே கூடாது. அந்தப் போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையின் பின்னால் உள்ள ஒரு தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். திருகினால் நூறு வருஷத்து மரம் அந்த இடத்தில் பிளந்துவிடும்.

வாசகர்,
திருச்சி