யூரியா நெடி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாதது தப்புதான். குளிரில் விரல் மடங்கவில்லை என்றால் அம்மா நம்புவாள், நீங்கள் நம்பமாட்டீர்கள்.

குளிர் நிஜம்தான். காலையில் எழுந்தால் வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கும். பக்கத்து வீட்டுக் கிழவர் தன் வாசலோடு என் வாசலையும் தள்ளிவிட்டிருப்பார். நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான்.

அங்கே அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். சிரிக்காதீர்கள், யூரியாவைச் சுடுகிறேன். நாம் வயலுக்குப் போடும் அதே யூரியா. மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் வைத்து 550 டிகிரியில் சுட்டால் பெரும்பகுதி அம்மோனியாவும் மற்ற வாயுக்களுமாகப் பறந்துவிடும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் நிறத் தூள் மிஞ்சும். கார்பன் நைட்ரைடு என்று பெயர். நனைந்து காய்ந்த நோட்டு மாதிரி தாள்மேல் தாளாக ஒட்டிக் கிடக்கும். இரண்டு தாளுக்கு நடுவே சுமார் 0.33 நானோமீட்டர்தான் இடைவெளி. சாயக் கழிவுநீரில் இதைப் போட்டு வெளிச்சம் காட்டினால் சாயம் உடையும். இந்த வேலைக்கு வழக்கமாகப் போடும் டைட்டானியம் டையாக்சைடு புற ஊதா ஒளிக்குத்தான் மசியும். இதற்கு நீல வெளிச்சமே போதும். ஆனால் ஒளி கிளப்பிவிட்ட எலக்ட்ரான், வெளியே வந்து வேலை செய்வதற்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அதனால் தாள்களைப் பிரித்து மெல்லியதாக்குகிறேன், கொஞ்சம் பாஸ்பரஸ் சேர்த்தும் பார்க்கிறேன்.

போன மாதம் நீலச் சாயம் மளமளவென்று வெளுத்தது. துள்ளிக் குதித்தேன். அப்புறம் இருட்டில் வைத்துப் பார்த்தால் அங்கேயும் பாதி வெளுத்திருக்கிறது! தூள் சாயத்தை உடைக்கவில்லை, உறிஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறது. உறிஞ்சுவது முதலில் முடியட்டும் என்று, இப்போது அரைமணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டுத்தான் விளக்கையே போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகம்தான். உலை ஓடுவதால் என் அறையைவிட அங்கே வெதுவெதுப்பு. நேற்று உலைப் பக்கம் லேசாக அம்மோனியா நெடி. மழைநாளில் உரமூட்டையை அவிழ்த்தால் நம் கொட்டகையில் வருமே, அதே நெடி. கண் கலங்கிவிட்டது. நெடியால்தான் என்று கூட இருந்தவனிடம் சொன்னேன்.

சரி, கீழ வயல் விஷயம். பெரியப்பா கேட்கிறார் என்று பத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். தம்பி கல்லூரிக் கட்டணத்துக்கு நான் அனுப்புகிறேன். இந்த மாதம் பாதி, மீதி அடுத்த மாதம். இங்கே சம்பளக் கணக்குப் போடும் முறை அப்படி, வேறொன்றுமில்லை. முதலில் சர்வேயரை வரச்சொல்லி வரப்பை அளந்துவிடுங்கள். அளக்கும்போது தம்பியும் கூட நிற்கட்டும். உங்களுக்குக் கோபம் வந்துவிடும்.

உங்கள் மகன்