தனிம வரிசை அட்டவணைச் சுவர்ப்படத்தில் உள்ள பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்: வேதியியல் ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி
பெறுநர்: மேலாளர், கல்விச் சுவர்ப்படப் பதிப்பகம்
பொருள்: பிழையான சுவர்ப்படங்களைத் திரும்பப் பெறக் கோருதல்

ஐயா,

கடந்த ஜூன் மாதம் உங்கள் தனிம வரிசை அட்டவணைப் படங்கள் இரண்டை 640 ரூபாய்க்கு என் கைப்பணத்தில் வாங்கினேன். ஒன்றைப் பத்தாம் வகுப்பிலும் மற்றொன்றை ஆய்வகத்திலும் மாட்டினோம். மாட்டும் முன் ஊன்றிப் பார்க்காதது என் தவறு. இப்போது இரண்டையும் கழற்றிவிட்டேன்.

பொட்டாசியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 9 என்று அச்சாகியிருக்கிறது. 2, 8, 8, 1 என்பதே சரி. மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்களுக்கு இடமுண்டு என்பதை மட்டும் வைத்து யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 19ஆவது எலக்ட்ரான் நான்காம் கூட்டில் உள்ள, ஆற்றல் குறைந்த 4எஸ் துணைக்கூட்டுக்குத்தான் போகும். வெளிக்கூட்டில் உள்ள அந்த ஒற்றை எலக்ட்ரானால்தான் பொட்டாசியத்துக்குச் சோடியத்தின் கீழே இடம். "ஒன்பது இருந்தால் இது ஏன் முதல் தொகுதியில் இருக்கிறது, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேள்வியில் பிழையில்லை.

இதைவிட மோசமானது ஓரத்தில் உள்ள சிவப்பு அம்பு. 'கீழே செல்லச் செல்ல வினைத்திறன் கூடும்' என்ற அதன் வாசகம் அட்டவணை முழுவதற்கும் பொருந்துவதுபோல் நிற்கிறது. லித்தியம், சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்களில் அது உண்மை. அணு பெரிதாகப் பெரிதாக வெளி எலக்ட்ரான் மீது அணுக்கருவின் பிடி தளர்கிறது. அதைப் பிரித்தெடுக்க லித்தியத்தில் மோலுக்கு 520 கிலோஜூல் தேவை, பொட்டாசியத்தில் 419 போதும். ஆனால் ஃபுளூரின், குளோரின், அயோடின் போன்ற ஹாலஜன்கள் எலக்ட்ரானை இழப்பவை அல்ல, ஏற்பவை. அங்கே பிடி தளர்ந்தால் வினைத்திறன் குறையும். ஃபுளூரின்தான் முதலிடம், அயோடின் அதற்கு வெகு கீழே.

ஆய்வகத்தில் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குளோரின் நீரை விட்டோம். அயோடின் வெளியேறிக் கரைசல் பழுப்பானது. உங்கள் படத்தின்படி குளோரினுக்குக் கீழே உள்ள அயோடினே வீரியம் மிக்கது, அதனால் எதுவும் நடக்கக் கூடாது. சுவரை நிமிர்ந்து பார்த்த பிள்ளைகள், தாங்கள்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக் கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். கண்ணெதிரே கண்டதை நம்பாமல் அச்சிட்டதை நம்பினார்கள். எனக்குத் தாங்க முடியாமல் போனது இதுதான். காலாண்டுத் தேர்விலும் ஏழு பேர் அயோடினே வீரியம் மிக்கது என்று எழுதியிருந்தார்கள். மதிப்பெண்ணைக் குறைத்தவள் நான்.

'2024 திருத்திய பதிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். 113, 115, 117, 118 ஆகிய தனிமங்களுக்கு 2016 நவம்பரிலேயே நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஒகனசான் என்று பெயர்கள் உறுதியாகிவிட்டன. படத்தில் இன்னும் பழைய தற்காலிகப் பெயர்களே இருக்கின்றன.

தொலைபேசியில் பேசிய உங்கள் விற்பனைப் பிரிவினர், வேறு எந்தப் பள்ளியிலிருந்தும் புகார் வரவில்லை என்றார்கள். அப்படியென்றால் அந்தப் பள்ளிகளில் எல்லாம் இந்த அம்பு இன்றும் சுவரில் இருக்கிறது என்றுதான் பொருள். மீதமுள்ள பிரதிகளின் விற்பனையை நிறுத்துங்கள். வாங்கிய பள்ளிகளுக்குப் பிழைதிருத்தம் அனுப்புங்கள். எனக்குத் திருத்திய படங்களைத் தாருங்கள். இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிப்பேன்.

ரசீதின் நகலையும், பிழைகளை வட்டமிட்ட ஒளிப்படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை