மின்மினிகளைக் காக்க, கரையில் வாழ்வோருக்கும் பங்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகளைக் காணச் செல்லும் வாகனங்கள் பல, விடுமுறை நாள்களில் எங்கள் பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து செல்கின்றன. இவ்வூரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இன்னமும் அழைக்கும் எங்கள் தலைமுறை, பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலம் தொட்டுச் சிலாங்கூர் ஆற்றோடு வாழ்ந்து வந்தது. ஆனால் அந்தச் சுற்றுலாவில் வேலை பார்க்கும் தோட்டப்புறத்துப் பிள்ளை ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

இதை வேலைவாய்ப்புக் குறையாக மட்டும் நான் எழுதவில்லை. பயணிகள் பார்ப்பது ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் ஒளிரும் வளர்ந்த பூச்சிகளை. அவற்றின் வாழ்நாளில் பெரும்பகுதியோ மரத்தில் கழிவதில்லை. கரையின் ஈரமண்ணில், நீப்பா, ரும்பியா ஆகிய பனை வகைகளின் நிழலில், சிறு நத்தைகளைத் தின்று வளரும் புழுப் பருவத்தில் கழிகிறது. ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்து, அதன் பின்னாலுள்ள புதரையெல்லாம் ஆற்றின் விளிம்பு வரை வழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டால், சில பருவங்களில் மரம் நிற்கும், ஒளி இராது. அந்த நிலத்தில் அரிவாள் பிடிப்பவரும் களைக்கொல்லி தெளிப்பவரும் தோட்டத் தொழிலாளர்களே என்பதால், அவர்களை ஒதுக்கிவிட்டு வகுக்கும் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் பாதித் திட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து.

கம்போங் குவாந்தான் மக்கள் துடுப்புப் படகில் பயணிகளை அழைத்துச் செல்வது பாராட்டத்தக்கது. விசைப்படகின் அலை கரையை அரிக்கிறது; கைவிளக்கும் புகைப்படக் கருவியின் வெளிச்சமும் பூச்சிகள் இணை தேடுவதைக் குலைக்கின்றன. இதை அறிந்த உள்ளூர்க்காரர் துடுப்புப் பிடித்தால், விளக்கை அணைக்கச் சொல்லவும் அவரே இருப்பார்.

சபா மாநிலத்தின் கினாபாத்தாங்கானில், பத்து புத்தே கிராமத்தார் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். வெட்டுமர வேலையை நம்பியிருந்த அவர்கள், 1990களின் பிற்பகுதியில் ஒன்றுகூடத் தொடங்கி, பிறகு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் வீடுகளிலேயே பயணிகளைத் தங்கவைக்கிறார்கள். அதோடு நில்லாமல், அழிந்த காட்டில் மரக்கன்று நட்டு, நீர்க்களை மூடிக்கிடந்த துங்கோக் ஏரியையும் துப்புரவு செய்தார்கள். பயணிகள் வருவதால் வருமானம், வருமானம் இருப்பதால் காட்டின் மீது அக்கறை என்று இரண்டும் அங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன.

கூட்டுறவு நமக்குப் புதிதன்று. அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படுவதைக் கண்ட தொழிலாளர்கள், தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பணம் கட்டி அதன் உறுப்பினராயினர். அந்த உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகளோ, விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து ஏறி ரவாங்கிற்கும் கிள்ளானுக்கும் போகிறார்கள்.

எனவே, கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகமும் ஆற்றையொட்டிய தோட்ட நிர்வாகங்களும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறேன். முதலாவது, கரையோரத்தில் ஒரு பட்டை நிலத்தை வெட்டாமலும் மருந்தடிக்காமலும் விட்டு, அதைக் காக்கும் பொறுப்பைக் கூலியோடு தோட்டக் குடும்பங்களிடம் கொடுக்க வேண்டும். அடுத்து, நம் இளைஞர்களுக்குப் படகோட்டவும் வழிகாட்டவும் பயிற்சி தந்து, கம்போங் குவாந்தான் படகுக்காரர்களுக்குப் போட்டியாக அல்லாமல் அவர்களுடன் ஒரே சங்கத்தில் சேர்க்க வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கு கரைப் பராமரிப்புக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கப்படுவது மூன்றாவது. இந்த மூன்றையும் கலந்து பேச ஒரு கூட்டம் கூட்டப்பட்டால், எங்கள் ஊர்க் குடும்பங்களை அழைத்துக்கொண்டு வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பால்மரம் வெட்டிய குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.