முதல் கணினிக்கு வாட்டர் கூலிங் வேண்டுமா? நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் எல்பில், ஹீவுட் போன்ற சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் நம் கடைக்கு வந்துபோகும் எல்லாருக்கும் இந்த மடல்.

கொஞ்ச நாளாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் அதை எனக்கே அனுப்பி, "என்ன அண்ணே இது?" என்று விசாரித்தீர்கள். நேரடியாகக் கேட்டதற்கு நன்றி. பதிவில் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: பையனுக்கு வாட்டர் கூலிங் (கணினியின் மூளையான ப்ராசசரின் சூட்டைத் தண்ணீரால் வெளியேற்றும் சாதனம்) போட்டுத் தரச் சொன்னால் கடைக்காரர் மறுக்கிறார்; அவருக்கு அந்த வேலை தெரியாது; "தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். கடை முகப்பில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியே வாட்டர் கூலிங் போட்டதுதான். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஆனால் அந்த மூன்றாவது பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வரவும் வராது. என் அப்பா பால்மரம் வெட்டியவர். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனவர். நான் லயத்து வீட்டில் வளர்ந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவன். என் கடையில் நின்று நான் தோட்டத்துப் பிள்ளையைக் குறைத்துப் பேசினேன் என்றால், அது என் அப்பா அம்மாவைப் பேசியதற்குச் சமம்.

அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். பதிவில் வரும் அக்காவும் மகனும் வந்தார்கள். தம்பி எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவர். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார். கண்ணாடிக் கேசிங் (வெளிப்பெட்டி), உள்ளே கலர் விளக்கு, மேலே 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் (தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்). கையிலிருந்த பணம் 3,500 வெள்ளி (ரிங்கிட்). மானிட்டரும் அதற்குள்ளேயே வரவேண்டும். ரேம் விலை ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் அது இறுக்கமான கணக்கு. அவர் கேட்ட ப்ராசசர் ரைசன் 5 5600. நான் காகிதம் எடுத்து இரண்டு கணக்குப் போட்டேன். வாட்டர் கூலிங் போட்டால் அதற்கும், அது நுழைகிற பெரிய கேசிங்கிற்கும் சேர்த்து 500 வெள்ளிக்கு மேல் போகிறது. அப்புறம் விளையாட்டுக் காட்சிகளைத் திரையில் ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டைக் குறைக்க வேண்டும், பவர் சப்ளையைப் பெயர் தெரியாத சரக்காகப் போட வேண்டும். அது இல்லாமல், 100 வெள்ளிக்குத் தண்ணீர் இல்லாத ஏர் கூலர் போட்டால் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு வருகிறது, நல்ல பவர் சப்ளையும் வருகிறது. "தம்பி, இந்த ப்ராசசருக்கு வாட்டர் கூலிங் தேவைப்படாது, மிச்சக் காசைக் கார்டில் போடலாம்" என்றேன். நான் பேசியது ப்ராசசரைப் பற்றி, பையனைப் பற்றி அல்ல. அந்தக் காகிதம் இன்னும் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. தோட்ட மேலாளர் வீட்டுப் பிள்ளை இதே படத்தோடு வந்தபோதும் இதே பதில்தான் சொன்னேன். பக்கத்தில் நின்று கேட்டவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள்.

சரி, ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் விளக்கமாகவே எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் பிள்ளையும் இதே ஆசையோடு வரலாம்.

எந்தக் கூலரும் குளிரை உண்டாக்குவதில்லை. ப்ராசசரில் பிறக்கிற சூட்டை வேறு இடத்துக்கு எடுத்துப்போய்க் காற்றில் விடுகிறது, அவ்வளவுதான். ஏர் கூலரில் செம்புக் குழாய்கள் சூட்டை அலுமினியத் தகடுகளுக்குக் கொண்டுபோகின்றன, அங்கே ஃபேன் ஊதுகிறது. வாட்டர் கூலிங்கில் ப்ராசசர் மேல் ஒரு செம்புத் தகடு உட்காருகிறது. பம்ப் அதன் வழியாகத் தண்ணீரை ஓட்டி ரேடியேட்டருக்கு அனுப்புகிறது, அங்கேயும் கடைசியில் ஊதுவது ஃபேன்தான். ஆகவே அறையில் இருக்கிற சூட்டுக்குக் கீழே இரண்டுமே போகாது. தகரக் கூரை வீட்டில் மத்தியானம் 33 டிகிரி என்றால், அந்த 33-க்கு மேலேதான் எல்லாக் கணக்கும். இதனாலேயே இன்னொரு பயமும் வேண்டாம். "நம்ம ஊர் ஈரத்துக்குத் தே ஐஸ் (ஐஸ் தேநீர்) கிளாஸ் மாதிரி உள்ளே வேர்த்து போர்டு கெட்டுவிடுமா?" என்று பலர் கேட்கிறீர்கள். அறைச் சூட்டைவிடக் குளிர்ந்தால்தான் வேர்க்கும். இந்தத் தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். வேர்க்காது.

தண்ணீருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.2 கிலோஜூல் வேண்டும். அதனால் திடீரென்று வருகிற சூட்டைத் தாங்கிக்கொள்ளும். விளையாட ஆரம்பித்து ஐந்து நிமிடம் திரையில் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்தால், "அடேயப்பா, எவ்வளவு குளிர்ச்சி!" என்று தோன்றும். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீரும் சூடேறி, எண் ஓரிடத்தில் நிலைத்திருக்கும். அதுதான் உண்மையான எண். ரைசன் 5 5600 என்பது 65 வாட் வகுப்பு, 90 டிகிரி வரை தாங்க வடிவமைத்தது. நடுத்தர ஏர் கூலரே அதற்குத் தாராளம். வாட்டர் கூலிங் போட்டால் இன்னும் சில டிகிரி குறையலாம், ஆனால் விளையாட்டில் நொடிக்கு ஓடும் படங்களில் (ஃபிரேம்) ஒன்றுகூட அதிகமாகாது. ஐ9 14900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கிற ப்ராசசரை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து, மணிக்கணக்கில் ரெண்டர் (வீடியோவை முழுமையாக்கும் வேலை) ஓட்டுகிறவர் வந்தால் நானே 360 ரேடியேட்டரை எடுத்துக் காட்டுவேன். அவருக்கு அது வேலைக்கான சாமான்.

வாட்டர் கூலிங்கிலும் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, ஏஐஓ என்கிற மூடிய வகை. தொழிற்சாலையிலேயே தண்ணீர் அடைத்து, பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக வருவது. கோர்சேர் எச்50 வந்த 2009 வாக்கில்தான் இது சாதாரண ஆட்கள் கைக்கு வந்தது. திருப்புளி முறுக்கத் தெரிந்த புதியவர்கூட இதைப் பொருத்தலாம். ரேடியேட்டரைக் கேசிங்கின் மேல்பக்கம் மாட்டுங்கள். முன்பக்கம் மாட்டினால் அதன் தலைப்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற காற்று பம்பில் போய்ச் சேர்ந்து களகளவென்று சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும். ரப்பர் குழாயின் சுவர் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றைத் திறந்து நிரப்ப முடியாது. ஐந்தாறு வருடம் ஓடியபின் மாற்ற வேண்டியதுதான். தயாரிப்பாளர்கள் உத்தரவாதமும் 3 முதல் 6 வருடம் வரைதான் கொடுக்கிறார்கள். ஏர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான். 40 வெள்ளிக்கு மாற்றிவிடலாம், தகடு அப்படியே இருக்கும். வாட்டர் கூலிங்கில் பம்ப் நின்றால் ப்ராசசர் சில நிமிடத்தில் எல்லைச் சூட்டைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது கணினி தானாக அணைந்துவிடும். நாளைக்கு அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஈப்போவுக்கு ஓடினாலும் அந்நேரம் கடை திறந்திருக்காது.

ஏர் கூலருக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. பெரிய ஏர் கூலர் ஒரு கிலோவுக்கு மேல் எடை வரும். விடுதிக்கும் வீட்டுக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாணவருக்கு அந்தக் கனம் மதர்போர்டில் தொங்குவது நல்லதல்ல. உயரமும் 155 மில்லிமீட்டர், அதற்கு மேலேயும் வரும், ஒல்லிக் கேசிங்கில் மூடி மூடாது. அப்படிப்பட்டவருக்கு 240 மில்லிமீட்டர் ஏஐஓ நல்ல தேர்வு.

இரண்டாவது வகை கஸ்டம் லூப். பம்ப் தனி, தொட்டி தனி, குழாய், பிளாக் (ப்ராசசர் மேல் உட்காரும் செம்புத் தகடு), ரேடியேட்டர் எல்லாம் தனித்தனியாக வாங்கி, நாமே இணைத்துத் தண்ணீர் ஊற்றுவது. பார்க்க அழகு என்றால் அப்படி ஓர் அழகு. எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் கணினிக்கு இது வேண்டவே வேண்டாம்.

அண்மையில் ஒரு கேசிங் கடைக்கு வந்தது. வெளியூரில் யாரிடமோ பழையதாக வாங்கியது. திடீர் திடீரென்று அணைகிறது என்று கொண்டுவந்தார்கள். குழாய் வெள்ளை பூத்து, உள்ளே தண்ணீர் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. பிளாக்கைக் கழற்றினேன். செம்புத் தகட்டில் தலைமுடி அளவு மெல்லிய வரிகள் வரிசையாக இருக்கும், தண்ணீர் அதற்குள்தான் ஓட வேண்டும். அந்த வரிகள் முழுக்கப் பச்சைப் பாசி. விரலால் தொட்டால் வழவழவென்று ஒட்டியது, குளத்து வாடை அடித்தது. டிஸ்டில்டு வாட்டருக்கு (காய்ச்சி வடித்த தண்ணீர்) பதில் பாட்டில் மினரல் வாட்டரை ஊற்றியிருக்கிறார்கள், பாசி வராமல் தடுக்கிற மருந்தும் சேர்க்கவில்லை. அதோடு ரேடியேட்டர் அலுமினியம், பிளாக் செம்பு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ரேடியேட்டரின் வாய்ப்பகுதியில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. பழைய பல் பிரஷால் வரி வரியாகத் தேய்த்து மீட்டோம். ரேடியேட்டரை மீட்க முடியவில்லை.

இது அந்தத் தண்ணீரை ஊற்றிய ஆளின் அறிவுக்குறைவு இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. கஸ்டம் லூப் என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாகப் போட்டதும் பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ வைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டு ஈரம் படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுகலைப் பெரிய நிறுவனங்களாலேயே தவிர்க்க முடிந்ததில்லை. 2004-இல் ஆப்பிள் வெளியிட்ட தண்ணீர் ஓடும் பவர் மேக் ஜி5 சில வருடங்களில் பலரிடம் ஒழுகியது. நம் பக்கம் செம்மண் தூசி வேறு. ரேடியேட்டர் இடுக்கில் அது கம்பளி மாதிரி படிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதித் தள்ளாவிட்டால் எந்தக் கூலிங்கும் பயனில்லை.

ஆகவே நான் கேட்கும் கேள்விகள் உங்களைத் தட்டிக்கழிக்க அல்ல. என்ன ப்ராசசர், என்ன வேலைக்கு, கெட்டுப்போனால் வேறு கணினி இருக்கிறதா, பராமரிக்க ஆசையும் நேரமும் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். பதிலைக் கேட்டபிறகும் "அண்ணே, எனக்கு ஏஐஓதான் வேண்டும், அழகுக்காகத்தான்" என்றால் சந்தோஷமாகப் போட்டுத் தருவேன். அழகுக்கு ஆசைப்படுவது தப்பே இல்லை. அந்தத் தம்பிக்கும் இதே வார்த்தை. இரண்டு கணக்கில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

பதிவைக் கேட்டுவிட்டும் வழக்கம்போல் வந்து லேப்டாப்பை மேசையில் வைத்து, "நீங்க பாத்துக் கொடுங்க" என்று சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பிள்ளைகள் எல்லாம் வீட்டிலிருந்தே படித்தபோது, பழைய கணினிகளைத் தேற்றித் தருவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் நீங்கள். தவணையில் வாங்கி, ஒரு மாதமும் தவறாமல் கொண்டுவந்து கட்டிய அக்காமார்கள் பலர். உங்களால்தான் இந்தக் கடை இருக்கிறது. இதை நான் ஒரு நாளும் மறக்க மாட்டேன்.

2025 ஆகஸ்டு முதல் நம்மைப் போன்ற சிறு கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. உழைக்கிற பிள்ளைகளுக்கு அது கிடைக்க வேண்டியதுதான். வாடகையும் ஏறியிருக்கிறது. அதனால் கணினி பொருத்தும் கூலி அடுத்த மாதம் முதல் 80-க்குப் பதில் 120 வெள்ளி. நம் கடையில் கஸ்டம் லூப் வேலை பார்த்துவந்த தம்பிக்குப் பினாங்கில் நல்ல வேலை கிடைத்திருப்பதால், அந்த வேலைக்கு மட்டும் இனி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏஐஓ வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கேசிங்கைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். ரேடியேட்டர் நுழைகிறதா, ரேமில் இடிக்கிறதா என்று அளந்து பார்த்துச் சொல்கிறேன். வேறு இடத்தில் வாங்கப் போகிறவர்களுக்கும் அளந்து கொடுப்பேன், அதற்குக் காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை மூடியிருக்கும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
சுங்கை சிப்புட், பேராக்