கான்கிரீட் மிதக்கிறது, பாக்கியம்

ரெட்மண்ட்,
வாஷிங்டன் மாநிலம்.

அன்புள்ள பாக்கியம்,

உன் கடிதம் கிடைத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மூட்டு வலிக்கு எண்ணெய் மாற்றிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். எண்ணெய் எதுவானாலும் சரி, மாடிப்படி ஏறி இறங்குவதை முதலில் குறை. பேரன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதைப் படித்தபோது உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. வரும்போது அவனுக்குக் கொடுக்க ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.

"அங்கே பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்டிருந்தாயே, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீடு ஏரிக்குக் கிழக்கே. மகளுக்கு வேலை ஏரிக்கு மேற்கே, சியாட்டிலில். நடுவில் வாஷிங்டன் ஏரி. வாரத்தில் ஒருநாள் அவளோடு நானும் காரில் கிளம்பிவிடுகிறேன். ஏரியைத் தாண்டுவதற்குத்தான் போகிறேன் என்று சொன்னால் நீ நம்புவாய், மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஏரியின்மேல் போட்டிருக்கும் பாலத்துக்குத் தண்ணீருக்குள் தூண் கிடையாது பாக்கியம். இரு கரைப் பக்கத்தையும் விட்டுவிட்டால் நடுவில் 7,710 அடி, ஏறக்குறைய 2.35 கிலோமீட்டர், அப்படியே மிதக்கிறது. உலகத்திலேயே நீளமான மிதக்கும் பாலம் இதுதான். ஏரியின் ஆழம் 214 அடி வரை போகிறது. அதற்குக் கீழேயும் கெட்டித் தரை இல்லை, கொழகொழவென்று சேறு. தூணை எதில் ஊன்றுவது? அதனால் உள்ளே காலியாக விட்ட கான்கிரீட் பெட்டிகளைத் தண்ணீரில் வரிசையாக மிதக்கவிட்டு, 58 நங்கூரங்களோடு இரும்பு வடத்தால் இழுத்துக் கட்டி, அதன்மேல் சாலையை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 77 மிதவைகள். அவற்றில் பெரியவை 21. ஒவ்வொன்றும் 360 அடி நீளம், 75 அடி அகலம், எடை 11,000 டன். இந்தப் பெரியவற்றைப் பசிபிக் கரையில் அபர்தீன் என்ற ஊரில் வார்த்து, கடல் வழியாக இழுத்து வந்தார்களாம். கடலிலிருந்து ஏரிக்குள் நுழைய பல்லார்டில் ஒரு நீர்ப்பூட்டு இருக்கிறது, தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலை விடுகிற கதவுத் தொட்டி. அதன் அகலம் 80 அடி. 75 அடிப் பெட்டியை அதற்குள் நுழைத்திருக்கிறார்கள் என்றால், பக்கத்துக்கு இரண்டரை அடிதான் இடைவெளி. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

வானம் தெளிந்த நாளில் தெற்கே ரெய்னியர் மலை முழுசாகத் தெரியும், அடியிலிருந்து உச்சிவரை வெள்ளை. ஆனால் எனக்குப் பிடித்தது காற்று அடிக்கிற நாள். தெற்குக் காற்றில் பாலத்துக்குத் தென்புறம் ஏரி நுரை தள்ளிக் கொந்தளிக்கும். வடபுறத்தில் தண்ணீர் துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி கிடக்கும். இடையில் இருப்பது நாம் போகிற சாலை மட்டும்தான். 1963-இல் கட்டிய பழைய பாலத்தில் புயல் நாட்களில் அலை சாலைமேலேயே வந்து அடிக்குமாம். 2016-இல் திறந்த இந்தப் புதுப் பாலம் உயரம் கூடுதல் என்பதால் அந்தப் பயம் இல்லை.

சுங்கம் உண்டு. ஆனால் சாவடியும் இல்லை, வண்டியை நிறுத்துவதும் இல்லை. நம் ஊர் ஃபாஸ்டேக் மாதிரி கண்ணாடியில் மகள் ஒரு வில்லை ஒட்டியிருக்கிறாள்; மேலே இருக்கும் கருவி ஓடுகிற வண்டியிலேயே படித்துக்கொள்கிறது. வில்லை இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வீட்டுக்கு பில் அனுப்புவார்கள், இரண்டு டாலர் கூடுதலாக. ஆபீஸ் நேரத்தில் கட்டணம் ஏறும், மற்ற நேரத்தில் இறங்கும். பழைய பாலத்துக்கு 35 சென்ட் வாங்கியிருக்கிறார்கள். கடன் அடைந்ததும் 1979-இல் நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலத்துக்குப் பணம் சேர்க்க 2011 டிசம்பரில் மறுபடி தொடங்கினார்கள்.

ஒவ்வொரு முறையும் நம் திருநெல்வேலி ஆற்றுப்பாலம் ஞாபகம் வருகிறது. 1843-இல் சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிக் கொடுத்த பாலத்தில் முப்பது வருஷம் பஸ்ஸில் போய் வந்தோமே, ஒருநாளாவது அவரை நினைத்தோமா? இங்கே கடப்பவர்கள் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார்கள். அதுவும் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் காசு கிடையாது. அவர்களுக்கென்று 14 அடி அகலத்தில் தனிப் பாதை. போன மாதம் அதில் ஒருநாள் மெதுவாக நடந்தேன். நடுவில் நின்று பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பிள்ளை ஞாபகம் வந்தது. உனக்கு இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் விதி நடத்தும்போது வாளித் தண்ணீரில் எவர்சில்வர் டம்ளரை மிதக்கவிட்டுக் காட்டுவேனே, பார்த்திருப்பாய். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் கொத்தனார் மகள் எழுந்து, "அப்போ சிமெண்டுல கப்பல் செய்யலாமா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் "சிமெண்டு கல்லு மாதிரி, முங்கிப் போகும், உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

செய்திருக்கிறார்கள், பாக்கியம். முதல் உலகப்போர் காலத்திலேயே அமெரிக்காவில் கான்கிரீட்டில் கப்பல் கட்டியிருக்கிறார்கள். அந்த வேலையில் இருந்த ஹோமர் ஹாட்லி என்ற பொறியாளர்தான் சியாட்டிலுக்கு வந்து, இந்த ஏரிமேல் கான்கிரீட் பெட்டிகளை மிதக்கவிட்டுப் பாலம் போடலாம் என்று சொன்னவர். அவரையும் கேலி செய்திருக்கிறார்கள். 1940-இல் அதே யோசனைப்படி இங்கிருந்து தெற்கே முதல் பாலம் திறந்தார்கள். பின்னால் அதற்குப் பக்கத்தில் கட்டிய இன்னொரு மிதக்கும் பாலத்துக்கு ஹாட்லி பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்த முதல் பாலம் 1990 நவம்பர் 25-ஆம் தேதி மூழ்கியது. பழுது பார்க்கும் வேலைக்காக மிதவைகளில் வெட்டிய திறப்புகளை மூடாமல் விட்டிருந்தார்கள். வேலையில் சேர்ந்த அழுக்குத் தண்ணீரையும் உள்ளேயே தேக்கியிருந்தார்கள். புயல் வந்து மழையும் அலையும் உள்ளே நிறைந்தன. டம்ளரைச் சாய்த்துத் தண்ணீர் புகவிட்டு மூழ்கடித்துக் காட்டுவேனே, அதேதான். கான்கிரீட் என்பதால் மூழ்கவில்லை, உள்ளே தண்ணீர் புகுந்ததால் மூழ்கியது. அந்தப் பிள்ளையின் கேள்விக்குச் சரியான பதில் அன்று என் கையிலேயே, வாளிக்குள்ளேயே இருந்தது. நான் பார்க்கவில்லை.

அவள் இப்போது மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருப்பதாகவும், உன்னைக் கண்டால் நின்று பேசுவதாகவும் முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். கால் வலி குறைந்த பிறகு ஒரு ஆட்டோ பிடித்துப் போய்வா. இதோடு இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று நடைபாதையிலிருந்து எடுத்தது, தண்ணீரை ஒட்டி மிதவையின் விளிம்பு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் கொடு. "உங்க சரோஜா டீச்சர் அன்னைக்குச் சொன்னது தப்பாம், நீ கேட்டதுதான் சரியாம், சொல்லச் சொன்னாங்க" என்று சொல். அவள் நம்பரும் வாங்கி எழுது, நானே பேசுகிறேன். அவளுக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால் என்ன படிக்கிறார்கள் என்றும் கேட்டு எழுது.

இன்னொரு படம் உனக்கு. ரெய்னியர் மலை.

அன்புடன்,
உன் சரோஜா