டர்ன் 1 பக்கம் இடம் பிடி

அன்புள்ள நிலா கண்ணு,

அமெரிக்காவில் நடக்கும் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயம் பார்க்கப் போவதாகச் சொன்னாய். தடத்துக்கு மிக அருகில் இருக்கட்டும் என்று கீழ்வரிசை டிக்கெட் எடுத்துவிடாதே. அங்கிருந்து பார்த்தால் வேலிக் கம்பியும் கண்மூடித் திறப்பதற்குள் பறந்துபோகும் நிறங்களும்தான் தெரியும். மேல்வரிசையில் எடு. டர்ன் 1, அதாவது முதல் வளைவுக்கு வெளிப்பக்கம் கிடைத்தால் விடவே விடாதே.

"சும்மா இடதுபக்கம் திரும்பிக்கொண்டே இருப்பதுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒரு லேப், அதாவது ஒரு சுற்று, 2.5 மைல். நீளமான நேர்ப்பாதை இரண்டு, ஒவ்வொன்றும் 5/8 மைல், அதாவது ஒரு கிலோமீட்டர். குட்டை நேர்ப்பாதை இரண்டும் 1/8 மைல், நான்கு வளைவுகளும் கால் கால் மைல். வளைவில் தளத்தின் சாய்வு 9 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதே 2.5 மைல் நீளமுள்ள டேடோனா பந்தயத் தடத்தில் 31 டிகிரி. அங்கே தளமே காரைத் தாங்கிப் பிடிக்கும். இங்கே டயரும், காரைக் கீழே அழுத்தும் காற்றும்தான் பிடிக்க வேண்டும்.

அதனால்தான் காரையே இடதுபக்கம் திரும்பும்படி அமைக்கிறார்கள். வலது பின்டயரின் சுற்றளவு இடதைவிடக் கொஞ்சம் கூடுதல். கார் தானாகவே இடதுபக்கம் இழுக்கும். நேர்ப்பாதையில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்தால்தான் நேராகப் போகும்.

நான்கு வளைவும் அளவில் ஒன்றுபோல இருந்தாலும் நடந்துகொள்வது வேறு வேறு மாதிரி. முன் நேர்ப்பாதையில் பின்காற்று வீசினால் கார் டர்ன் 1-க்குள் கூடுதல் வேகத்தோடு நுழையும், கீழே அழுத்தும் காற்றோ குறையும். முன்சக்கரம் திரும்பியும் கார் திரும்பாமல் வெளிச்சுவரை நோக்கிப் போகும். இன்னொரு காரை ஒட்டிப் போனாலும் இதே தொல்லைதான், முன்னால் போகும் கார் காற்றைக் கலைத்துவிடுகிறது. தடத்தின் வெளியோரம் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துணுக்குகளில் ஏறிவிட்டால் பிடி முழுதும் போய்விடும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் காக்பிட்டில் இருந்தபடியே சக்கரங்களுக்கிடையே எடைப் பங்கையும், கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் முன்பின் ஆன்டி ரோல் பாரையும் மாற்றிக்கொள்வார்கள்.

இந்த டர்ன் 1-இல்தான் 2005 அமெரிக்க கிராண்ட் பிரீ கெட்டது. ஃபார்முலா ஒன் இதே வளைவை எதிர்த்திசையில், வலதுபக்கம் திரும்பி, முழு வேகத்தில் கடந்தது. சுமை முழுக்க இடது பின்டயரில் விழுந்தது. மிஷ்லின் டயர் அதைத் தாங்கவில்லை. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் முடியாது. பந்தயம் தொடங்குவதற்கு முன் மெதுவாகச் சுற்றும் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் மிஷ்லின் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள், அதாவது தடத்தை ஒட்டிய பணிமனைப் பகுதிக்குள், திரும்பிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர். ஆறே கார்கள்தானே என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். அந்தக் காரை உடைக்காமல் கடைசி லேப் வரை கொண்டுவந்ததற்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும்.

500-இல் மொத்தம் 200 லேப், 33 கார். டாங்க் 18.5 கேலன், ஏறக்குறைய 70 லிட்டர். அது சுமார் 30 லேப்புக்கு வரும். ஆகவே யார் முன்னால் போகிறார் என்பதைவிட, யார் எந்த லேப்பில் எரிபொருள் நிரப்பப் பிட்டுக்குள் போனார் என்பதைக் குறித்துக்கொள். 2016-இல் அலெக்ஸாண்டர் ராஸி கடைசி 36 லேப்பையும் ஒரே டாங்கில் ஓட்டினார். காற்றின் எதிர்ப்பு குறையும்படி மற்ற கார்களுக்குப் பின்னால் ஒதுங்கி, ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே விட்டுவிட்டு எரிபொருளை மிச்சம் பிடித்தார். கடைசி லேப்பில் அதுவும் தீர்ந்துபோய், உருண்டபடியே கோட்டைக் கடந்து ஜெயித்தார். பெரிய திரையில் லேப் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் இப்படிப்பட்ட முடிவை உன்னாலும் முன்னாடியே ஊகிக்க முடியும்.

காதுக்கு ஃபோம் பிளக் கட்டாயம், தொப்பியும் எடுத்துக்கொள். சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோக விடுவார்கள், கண்ணாடி பாட்டில் கூடாது. இந்த மாதிரி ஓவல் (நீள்வட்ட) தடத்தில் ஓடும் டயருக்கு வரிப்பள்ளம் கிடையாது என்பதால் தூறல் விழுந்தாலே நிறுத்திவிடுவார்கள். 101 லேப் ஆகிவிட்டால் அதோடு முடிவை அறிவிக்கலாம். 2007-இல் 166 லேப்போடு முடிந்தது. பாதிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டால் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். பந்தயம் ஞாயிறு, மறுநாள் திங்கள் அமெரிக்காவில் மெமோரியல் டே விடுமுறைதான், அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா