குயின்சியிலிருந்து அப்பாவுக்கு

குயின்சி, மாசசூசெட்ஸ்
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்தே நாளைக் கடத்தாதீர்கள். தேனிக்கு அழைத்துப்போய் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பணத்தை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன்.

போன வாரம் தொலைபேசியில் எங்கள் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டீர்கள். “சென்ற ஆண்டு கோப்பை வாங்கிய அணியை ஏன் இப்படிப் பிரித்துப்போட்டார்கள்? ஆட்டக்காரர்களுக்குள் சண்டையா?” சண்டை எதுவும் இல்லை அப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லவும் முடியாது. இன்று விடுமுறை, வெளியே நல்ல வெயில், ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கீழே பூங்காவில் ஒரு சீனத் தாத்தா தன் பேரனுக்கு வளையத்தில் பந்து போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். முழங்கையை உள்ளே மடக்கு என்று பையனின் கையைப் பிடித்து வைக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தளத்தில் நீங்கள் எனக்குச் செய்தது அப்படியே கண் முன்னால் நிற்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கூடைப்பந்து வேறு. மே மாதம் பெரியகுளத்தில், சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகத்தின் போட்டிக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி வந்து இறங்கும்போது, ஒவ்வொருவரையும் நடையை வைத்தே இன்னார் என்று சொல்வீர்கள். விளையாட்டால் வங்கியில் வேலை கிடைத்தவர் கால் தளர்ந்து ஆட்டத்தை விட்ட பிறகும் வங்கிக்காரராகவே இருப்பார். கடற்படைக்கு ஆடுபவர் கடற்படைக்காரர். இங்கே ஆட்டக்காரருக்கு அணியோடு இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டும்தான். அந்த ஒப்பந்தத்தை ஓர் அணி இன்னோர் அணிக்கு மாற்றிக்கொடுத்துவிடலாம். பெரும்பாலும் ஆட்டக்காரரின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. டிரேடு என்கிறார்கள். ஜூன் மாதம் ஜூரூ ஹாலிடேயை அப்படித்தான் நாட்டின் மறுகோடியில் இருக்கும் போர்ட்லாந்துக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு ஆன்ஃபர்னி சைமன்ஸ் வந்தார். அதே வாரத்தில் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்குப் போனார். லூக் கோர்னெட் ஒப்பந்தம் முடிந்து சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார். ஓராண்டுக்கு முன் ஒன்றாக நின்று கோப்பையைத் தூக்கிய கைகள் இவை.

காரணம் சம்பள உச்சவரம்பு. தாத்தா காலத்து நில உச்சவரம்பை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு குடும்பம் இவ்வளவு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றதைப் போல, ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம். 1984-85 பருவத்தில் இது வந்தபோது வரம்பு 36 லட்சம் டாலர். வரப்போகும் பருவத்துக்கு 15 கோடியே 46 லட்சம் டாலர். நிலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த வரம்பை மீறலாம். தன்னிடமே ஆடிக்கொண்டிருப்பவரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி வரம்புக்கு மேலேயும் சம்பளம் கொடுக்கலாம். அந்த விலக்குக்கே பாஸ்டனின் பழைய ஆட்டக்காரர் லாரி பேர்ட் பெயரை வைத்துத்தான் பேர்ட் உரிமை என்கிறார்கள்.

மீறுவதற்கு விலை உண்டு. 18 கோடியே 79 லட்சத்தைத் தாண்டினால் ஆடம்பர வரி. தாண்டத் தாண்ட வரி விகிதம் ஏறும். ஆண்டுதோறும் தாண்டுகிற அணிக்கு இன்னும் ஏறும். பாஸ்டன் அப்படிப்பட்ட அணி. அதற்கும் மேலே ஏப்ரன் என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது கோடு 20 கோடியே 78 லட்சத்தில் இருக்கிறது. 2023-இல் இந்தப் போட்டிகளை நடத்தும் என்.பி.ஏ. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் வந்தது அது. அந்தக் கோட்டைத் தாண்டிய அணியின் கையையும் காலையும் கட்டிவிடுகிறார்கள். இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. டிரேடில் ரொக்கம் கொடுக்க முடியாது. ஆண்டுதோறும் புது இளைஞர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்வதை இளைஞர் தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பின் வரும் முதல் சுற்றுத் தேர்வு உரிமையைக்கூட வேறு அணிக்குக் கொடுக்க முடியாது. தொடர்ந்து அங்கேயே நின்றால் அந்தத் தேர்வு உரிமை சுற்றின் கடைசிக்குத் தள்ளப்பட்டுவிடும். பணக்கார முதலாளி வரியைக் கட்டித் தப்பித்துக்கொள்வார். இந்தக் கட்டுகளிலிருந்து தப்ப முடியாது.

ஒருவரையும் விடாமல் வைத்துக்கொண்டிருந்தால் இந்தப் பருவத்துக்குச் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தாண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. ஹாலிடேக்கும் சைமன்ஸுக்கும் சம்பள வித்தியாசம் அரைக்கோடி டாலருக்கும் குறைவுதான். ஆனால் அந்த உயரத்தில் குறைகிற ஒவ்வொரு டாலருக்கும் வரியில் பல டாலர் குறைகிறது. ஹாலிடேக்கு வயது 35, ஒப்பந்தம் 2028 வரை. சைமன்ஸுக்கு வயது 26, ஒப்பந்தம் அடுத்த ஆண்டே முடிந்துவிடும். கணக்கு எழுதுகிறவர் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்.

ஆனால் நான் கணக்கு எழுதுகிறவள் இல்லையே அப்பா. 2022 இலையுதிர் காலத்தில் இங்கே வந்தபோது எனக்கு ஒருவரையும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் இரத்தக் குப்பிகளோடு நாள் போகும். ஓய்வறையில் மூலையில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஒருநாள் அங்கே முந்தின இரவு ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டன் ஆட்டக்காரர் டெரிக் வைட் தடுக்க நிற்கும்போது இடுப்பை எப்படித் தாழ்த்துகிறார் பாருங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பா கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர் என்றேன். வாசலில் காவல் பார்க்கும் பெரியவர் எழுந்து வந்து என் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “நீ எந்த இடத்தில் ஆடுவாய்?” என்று கேட்டார். இந்த ஊரில் என்னைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அன்றிலிருந்து அந்த மேசையில் எனக்கு ஓர் இடம் உண்டு.

2024 ஜூன் மாதம் டல்லாஸை வென்று பதினெட்டாவது கோப்பையை வாங்கினார்கள். ஊர்வலத்தன்று பாய்ல்ஸ்டன் தெருவில் காலையிலேயே போய் நின்றேன். தண்ணீரிலும் தரையிலும் ஓடும் வண்டிகளில் ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். டக் படகு என்பார்கள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

இந்த மே 12 இரவு நியூயார்க்கில் எங்கள் அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டம் விழுந்ததைப் பற்றி அப்போதே உங்களிடம் சொன்னேன். யாரும் இடிக்கவில்லை. நழுவிய பந்தைப் பிடிக்கப் பாய்ந்தார், வலது குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. “ஓராண்டு போய்விட்டது” என்று நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் மறுநாள் காவல்காரப் பெரியவரும் சொன்னார். கோடைப் பேச்சு அந்தத் தசைநாணிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் ஆடாத ஆண்டில் கோப்பை கைக்கு எட்டாது. எட்டாத ஆண்டில் எதற்கு 50 கோடி என்பது ஒரு பக்கம்.

பெரியவர் அந்தப் பக்கம். பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் பிறந்தவர், லாரி பேர்ட் ஆடியதைப் பழைய கார்டன் அரங்கில் நேரில் பார்த்தவர். “2013-இல் பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் புரூக்ளினுக்குக் கொடுத்தபோது வீட்டில் சாப்பிடாமல் படுத்தேன். பதிலுக்கு வந்த தேர்வு உரிமைகளில்தான் ஜேலன் பிரவுனும் டேட்டமும் கிடைத்தார்கள்” என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். ஒன்பது பருவம் ஆடிய மார்கஸ் ஸ்மார்ட்டை 2023-இல் அனுப்பியபோது இந்த ஊரே கலங்கியது. அந்த டிரேடில் வந்தவர்தான் போர்சிங்கிஸ், அடுத்த ஆண்டே கோப்பை வந்தது. அவர் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த ஸ்மார்ட் இந்தக் கோடையில் பாஸ்டனின் பரம எதிரியான லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியில் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி வந்த நாளில் பெரியவர் யாரோடும் பேசவில்லை.

எங்களோடு வேலை பார்க்கும் ஹைட்டித் தோழி விதியையே ஆதரிக்கிறாள். மாட்டப்பனில் இருக்கிறாள், வாதம் செய்தால் ஊசியைப் போலக் குத்துவாள். “2019-இலிருந்து எண்ணு. டொரண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், இந்த ஆண்டு ஓக்லஹோமா சிட்டி. ஏழு ஆண்டில் ஏழு கோப்பைகள், ஏழு ஊர்கள். ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் குழந்தைக்கு ஊர்வலம் வேண்டாமா?” என்று கேட்டாள். நான் வாயடைத்துப்போனேன். பெரியகுளம் சின்ன ஊர்தான் என்பது எனக்குத் தெரியாதா?

ஆனாலும் இரண்டு நாள் யோசித்துவிட்டு என் பதிலைச் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். பாஸ்டன் அயலூரில் பணத்தை வீசி நட்சத்திரங்களை வாங்கிய அணி இல்லை. பிரவுனை 2016-இல், டேட்டத்தை 2017-இல், பிரிச்சர்டை 2020-இல் இளைஞர் தேர்வில் எடுத்து ஆளாக்கியது. வளர்த்த பிள்ளைகள் பெரியவர்களானதும் சம்பளம் ஏறுகிறது. டேட்டத்துக்கு இந்தப் பருவம் 5 கோடியே 41 லட்சம், பிரவுனுக்கு 5 கோடியே 31 லட்சம். இரண்டு பேரே வரம்பில் மூன்றில் இரண்டு பங்கு. நன்றாக வளர்த்ததற்குத்தான் இந்தத் தண்டனை விழுகிறது. ஓக்லஹோமா சிட்டியிலும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களையும் ஒருநாள் இதே கோடு பிரிக்கும். ஆகவே தானே எடுத்து வளர்த்த ஆட்டக்காரரின் சம்பளத்தில் பாதியை மட்டும் ஏப்ரன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன். வெளியிலிருந்து வாங்குகிறவர்களுக்கு முழுக் கணக்கும் இருக்கட்டும். தோழி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “ஹாலிடேயை நீங்கள் வளர்க்கவில்லையே, அவரைப் பற்றித்தானே அழுகிறாய்?” என்றாள். அதுவும் உண்மைதான். ஹாலிடே போனது சரிதான் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஆனால் ஜார்ஜஸ் நியாங் விஷயத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. போர்சிங்கிஸுக்குப் பதிலாக வந்தவர் அவர். இங்கிருந்து வடக்கே இருக்கும் லாரன்ஸில் பிறந்தவர். இண்டியானா, யூட்டா, ஃபிலடெல்ஃபியா, கிளீவ்லாந்து, அட்லாண்டா என்று ஊர் ஊராக ஆடிவிட்டு 32 வயதில் சொந்த மாநிலத்து அணிக்கு வந்து சேர்ந்தார். இந்த மாதத் தொடக்கத்தில் அவரை மறுபடியும் யூட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவருடைய 82 லட்சம் டாலர் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லி, கூடவே இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகள் இரண்டையும் கொடுத்தார்கள். அந்தச் செய்தியை ரெட் லைன் ரயிலில் படித்தேன். நெபான்செட் ஆற்றைத் தாண்டும்போது வழக்கமாக ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன், அன்று பார்க்கவில்லை. ஊருக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்தவரைத் திரும்பவும் ரயிலேற்றிவிட்டது போல இருந்தது. மார்ச் மாதம் இந்த அணியை 610 கோடி டாலருக்கு விலை பேசியிருக்கிறார்கள் அப்பா. அந்த வீட்டில் அவருக்கு ஓர் ஆட்டம் ஆட இடம் இல்லையா?

ஆல் ஹார்ஃபோர்டும் போய்விடுவார் போலத்தான் தெரிகிறது. டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். 2016-இல் பாஸ்டனுக்கு வந்தார், 2019-இல் போனார், 2021-இல் திரும்ப வந்தார், 38 வயதில் தன் முதல் கோப்பையை இங்கே வாங்கினார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போவார் என்பதே பேச்சு. அவர் போனால் வளையத்துக்கு அடியில் யார் நிற்பார்கள் என்று கேட்டால் பெரியவர்கூடப் பதில் சொல்வதில்லை.

வாடகை இந்த மாதம் ஏறிவிட்டது, சமாளித்துக்கொள்வேன். இந்தியக் கடையில் நல்ல பொன்னி அரிசி வந்திருக்கிறது. டிசம்பரில் வர விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. வந்தால் அந்தச் சிமெண்டுத் தளத்தில் உங்களோடு ஒரு மாலை பந்து போட வேண்டும்.

அக்டோபர் 22 அன்று ஃபிலடெல்ஃபியாவோடு இங்கே முதல் ஆட்டம். தோழியும் நானும் மேல்வரிசையில் இரண்டு டிக்கெட் வாங்கப் பணம் சேர்த்துவைத்திருக்கிறோம். ஆட்டம் தொடங்கும்போது உங்களுக்கு மறுநாள் விடியற்காலையாக இருக்கும்; நீங்கள் நடக்கக் கிளம்பும் நேரம். தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அணியில் யார் இருக்கிறார்கள், யார் தடுக்க நிற்கிறார்கள் என்று அங்கிருந்தே சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்